இரட்டைச் சிறுகோளும் உன் மாமனாரும்

தம்பி,

இதை எழுதி முடித்ததும் உன் அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறாள். உனக்கு மட்டும் அனுப்பவா என்று கேட்டாள். வேண்டாம், எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே போடு என்று சொல்லிவிட்டேன். அந்தக் குழுவில் உன் மாமனார் இருக்கிறார், மருமகள் அபிநயா இருக்கிறாள், உன் அத்தைமார் இரண்டு பேரும் இருக்கிறார்கள். இருக்கட்டும். நான் செய்த காரியத்தை எல்லார் முன்னாலும்தான் செய்தேன். சொல்ல வேண்டியதையும் எல்லார் முன்னாலும் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். உன் ஆராய்ச்சி வேலைக்காக நீயும் அபிநயாவும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிப் பதினோரு நாள் ஆகிறது. திரும்பி வர மூன்று வருடம் ஆகும் என்று சொல்லிப் போயிருக்கிறீர்கள். எனக்கு வயது ஐம்பத்தொன்பது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. பெண் பார்க்கப் போன அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

பொறாமை அங்கே பிடித்தது என்றாலும் அதற்கு இடம் கொடுத்தவன் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்தபோது பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய். திருச்சுழி ரோட்டில் நம் ஜல்லிக் கடைக்கு வந்து நின்றாய். அப்போதுதான் டிப்பர் லாரி ஒரு லோடு முக்கால் இஞ்ச் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. தூசி அடங்கவில்லை. நீ அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “அப்பா, வானத்துல சுத்துற சின்னக் கோள் நெறையா இப்படித்தானாம். ஒத்தப் பாறை இல்ல, குவியலாம்” என்று ஆரம்பித்தாய். எனக்கு பரளச்சியிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. தளம் போடுகிற ஆள், லோடு இன்னும் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். உன்னைப் பார்த்து, பொறு என்று விரலைக் காட்டினேன். பேசி முடித்துத் திரும்பினால் நீ இல்லை. வீட்டுக்குப் போயிருப்பான், ராத்திரி சாப்பிடும்போது சொல்வான் என்று நினைத்தேன். சாப்பிடும்போது நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஆறு வருடம் நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று யாராவது கேட்டால், “வானத்தப் பத்தி” என்று சொல்லி வைத்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததில் ஒரு குறையும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

மதுரையில் அபிநயா வீட்டுக்குப் போனபோதுதான் தோன்றியது. உன் மாமனார் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர். காப்பி கொடுத்துவிட்டு உன் பக்கம் திரும்பி, மாப்பிள்ளை எதில் ஆராய்ச்சி என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நீ சொல்ல ஆரம்பித்தாய். ஒரு காப்பி ஆறிப்போய் இன்னொரு காப்பி வந்தது, நீ நிறுத்தவில்லை. ஒரு கையை முட்டியாக மடக்கி வைத்துக்கொண்டு இன்னொரு கை விரலால் அதைச் சுற்றிக் காட்டினாய். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாய். நீ கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன், உன் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. உன் ஆராய்ச்சி இரட்டைச் சிறுகோள்களைப் பற்றியது, ஒன்றை ஒன்று சுற்றும் இரண்டு கற்கள் எப்படி உண்டாகின்றன, கடைசியில் என்ன ஆகின்றன என்பதைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீ இன்னொரு ஆளுக்குச் சொன்ன பதிலை, கையில் மிக்சர் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். திரும்பி வரும்போது அம்மா, நல்ல குடும்பம், நல்ல பெண் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வீட்டுச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, கட்டினவனுக்குக் கலவை போடத் தெரியவில்லை என்று நான் சொன்னேன். பெண்ணைப் பற்றியோ அந்த மனிதரைப் பற்றியோ குறை சொல்ல எனக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

கல்யாணம் பேசி முடித்த பிறகு அது வளர்ந்தது. நீ எனக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய். சாப்டீகளா, மழை பேஞ்சுச்சா, அம்மாட்ட குடுங்க. அவ்வளவுதான். புதன்கிழமை மதுரைக்குப் பேசுவாய் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒருநாள் கல்யாணப் பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச உன் மாமனார் கூப்பிட்டவர், பேச்சோடு பேச்சாக, மாப்பிள்ளையின் கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்களாமே, ரொம்பச் சந்தோஷம் என்றார். ஆமா ஆமா என்று சொன்னேன், தெரிந்தவனைப் போல. நீ அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னாய்தான். நான்கு நாள் கழித்துச் சொன்னாய். “ஓ, அப்படியா” என்றேன். அன்று முதல் அவரைப் பற்றி வீட்டில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற விதம், இங்கிலீஷில் நன்றி சொல்கிற விதம், எதையும் விடவில்லை. உன் அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: “ஒங்களுக்கு அவுக மேல பொறாம. மகன் அவுககிட்ட பேசுறான்னு பொறாம.” நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

பொறாமைப்பட்டவன் என்ன செய்வான் என்று நினைக்கிறாய்? நான் படிக்க ஆரம்பித்தேன். பிளஸ் டூ தேறாதவன், ஐம்பத்தெட்டு வயதில். உனக்கு மும்தாஜ் டீச்சரைத் தெரியாது. வீரசோழன்காரர், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார், ஜல்லியும் எம்-சாண்ட் மணலும் நம் கடையிலிருந்துதான் போனது. ஒருநாள் லோடு சொல்ல வந்தவரிடம், டீச்சர், இரட்டைச் சிறுகோள் என்றால் என்ன என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அண்ணாச்சி, ஒங்க குவியல் எப்ப சரியும்?” என்று கேட்டார். அடியில் தோண்டினால் சரியும், குலுங்கினால் சரியும் என்றேன். அங்கே தோண்ட ஆள் இல்லை, வெயில்தான் அந்த வேலையைச் செய்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் வெயில் மண்ணைப் பிளக்கும், தார் ரோட்டை இளக்கும், தெரியும். ஒரு மலையைப் பிடித்துச் சுற்றுமா?

சுற்றுமாம். அதை அவர் ஒரே நாளில் எனக்குப் புரியவைத்துவிடவில்லை. அஸ்திவாரத்திலிருந்து மேல்தளம் வரை ஒவ்வொரு லோடுக்கும் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வெயிலில் காய்ந்த கல் அந்தச் சூட்டைத் திருப்பி வெளியே விடுகிறது. சூடு வெளியேறும்போது கல்லைப் பின்னால் லேசாகத் தள்ளுகிறது. கண்ணுக்குத் தெரியாத தள்ளல். கல் சீரான உருண்டையாக இருந்தால் நாலு பக்கத் தள்ளலும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். கோணல்மாணலாக இருப்பதால் ஒரு பக்கம் மிஞ்சுகிறது, அந்த மிச்சம் அதைச் சுழற்றுகிறது. லட்சக்கணக்கான வருடம் அப்படியே தள்ளித் தள்ளி, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சுற்று என்கிற வேகம் வந்தால், குவியலால் தன்னைத் தானே பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. சிமெண்டு இல்லாத குவியல்தானே. தலைப்பக்கக் கற்கள் இடுப்புக்குச் சரிகின்றன, இடுப்பிலிருந்து கிளம்பி வெளியே போகின்றன. போனவை ஒன்றுசேர்ந்து ஒரு குட்டியாகி, தாயைச் சுற்ற ஆரம்பிக்கின்றன. தாய்க்கல் பம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது. ரொம்பப் பெரிய கோள்களுக்கு இந்தக் கதை பொருந்தாது, அவற்றுக்குத் துணை கிடைப்பது பெரும்பாலும் மோதலில் சிதறியதிலிருந்து. உன் வேலை சின்னவற்றில்.

அதோடு முடிவதில்லை என்றும் சொன்னார். குட்டி எப்போதும் ஒரே முகத்தைத் தாய்க்குக் காட்டிக்கொண்டு சுற்றும், நம் நிலா செய்கிற மாதிரி. ஒன்றை ஒன்று இழுப்பதில் இரண்டும் லேசாக உப்பி அமுங்கும். அதில் நடுவில் உள்ள தூரம் மெல்லக் கூடும். வெயில் அந்தக் குட்டியையும் சும்மா விடுவதில்லை, அதன் வடிவத்தைப் பொறுத்து வெளியே தள்ளும், அல்லது உள்ளே தள்ளும். உள்ளே வந்தால் ஒருநாள் இரண்டும் மெதுவாக ஒட்டி, இரட்டைப் பருப்பு நிலக்கடலை மாதிரி ஒரே கோளாகிவிடலாம். குட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால் பிடியை விட்டே ஓடிவிடலாம். ஓடினவையும் கிட்டத்தட்ட ஒரே பாதையில் சூரியனைச் சுற்றுமாம். கணக்குப் போட்டுப் பின்னால் போனால் இரண்டும் ஒரே இடத்தில் இருந்த காலம் தெரியுமாம். எது சேரும், எது பிரியும் என்பதுதான் உன் கட்டுரை. அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, டீச்சரிடம் கொடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். தாய், குட்டி, ஓடிப்போவது என்று கேட்டபோது நம் வீட்டு ஞாபகம் எனக்கு வராமல் இல்லை. டீச்சரிடம் சொல்லவும் செய்தேன். “கல்லுக்கு மனசு கெடயாது அண்ணாச்சி, நீங்க கணக்க மட்டும் பாருங்க” என்று சொல்லிவிட்டார். அது நல்லதாகப் போயிற்று. கல்லைக் கல்லாகவே பார்த்த பிறகுதான் எனக்கு அது பிடித்துப்போனது. ஆனால் பிடித்துப்போனதால் படித்தேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் படித்தது உன் மாமனாரை மடக்க.

அதற்குச் சந்தர்ப்பம் கல்யாணம் முடிந்து நடந்த மறுவீட்டு விருந்தில் வாய்த்தது. நம் வீட்டுக் கூடத்தில் இரண்டு வரிசை இலை. உன் மாமனார் உன் அத்தைமாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பெரிய அத்தை, மாப்பிள்ளை அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்கிறார் என்று அவரைக் கேட்டாள். என் அக்கா, என் வீட்டில், என் மகனைப் பற்றி அவரைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, பெரிய கல் ஒன்று போகிற போக்கில் சின்னக் கல்லை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் இரட்டைச் சிறுகோள் என்றார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் அபிநயாவைப் பார்த்தார். அவள் பாயசப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தாள். நீ அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து, தப்பு என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சம்பந்தி, அது புடிக்கிறது இல்ல. தன் ஒடம்புலருந்து பிரிஞ்சது” என்றேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நிறுத்தியிருக்கலாம். வெயிலில் ஆரம்பித்து, சுழற்சி, இடுப்பு, பம்பரம், நிலக்கடலை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தேன், அங்கே ஒரு வெளிச்சம் வரும் என்று. வரவில்லை. வராத ஆத்திரத்தில் அவரிடம் திரும்பி, “முப்பது வருசம் காலேசுல பாடம் எடுத்தவுக. அந்தப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தீகளோ” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “தப்பாச் சொல்லிட்டேன், மன்னிக்கணும்” என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அதை மடித்தார். பாயசம் அவருக்கு இன்னும் ஊற்றவில்லை. அபிநயா பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நீ கை கழுவுகிற இடத்துக்கு என் பின்னால் வந்து, மெதுவாக, யாருக்கும் கேட்காமல், “யாரு ஒங்கள இதெல்லாம் படிக்கச் சொன்னா?” என்று கேட்டாய். உன் குரலில் கோபம்கூட இல்லை, அருவருப்பு இருந்தது. அன்று சாயங்காலம் மூன்று பேரும் ஒரே காரில் மதுரைக்குப் போய்விட்டீர்கள். இரண்டு நாள் தங்குவதாக இருந்தவர்கள். உன் அம்மா மீதிப் பாயசத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அபிநயா அவள் அப்பாவை விட்டு உன்னோடு வெளிநாடு போக மாட்டேன் என்று சொல்கிறாள், பயணமே நிற்கும் போலிருக்கிறது என்று உன் சின்ன அத்தை மூலம் காதில் விழுந்தது. நான் ஒரு வார்த்தை பேசி என் மகன் குடும்பத்தை இரண்டாக்கிவிட்டேன் என்று அப்போதுதான் பயந்தேன். மறுநாள் காலை மதுரை பஸ் ஏறினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். உன் மாமனார் கதவைத் திறந்தவர், ஆச்சரியம்கூடப் படவில்லை, வாங்க சம்பந்தி என்றார். நீங்கள் இருவரும் விசா வேலையாக வெளியே போயிருந்தீர்கள். உட்காராமலே சொன்னேன்: நான் சொன்னது தப்பு, உங்கள் மேல் எனக்குப் பொறாமை, என் மகன் உங்களிடம் பேசுவதைப் போல என்னிடம் பேசுவதில்லை. ஓட்டிப் பார்த்தது எதுவும் அப்படி இல்லை, அது தானாக வந்தது.

அவர் என்னை உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன் சம்பந்தி. மாப்பிள்ளை மொத நாளே எனக்குத் தெளிவாச் சொல்லிட்டாரு. கணக்கு வாத்தியாருக்கு இது வெளங்காதா? நான் தப்பாச் சொன்னா அபி சிரிக்கும். அதுக்காகச் சொல்றது.” அபிநயாவின் அம்மா இறந்தபோது அவளுக்குப் பதிமூன்று வயது. அவளை வளர்க்கத் தெரியாமல் விடுதியில் சேர்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவள் அவரிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாளாம், மரியாதையாக, ஒரு வார்த்தை கூடாமல். பதினாலு வருடம். நிச்சயம் ஆன பிறகு ஒரு புதன்கிழமை அவர் உன்னிடம் போனில் சிறுகோளைப் பற்றி ஏதோ உளறியிருக்கிறார். அந்தப் பக்கம் உன் அருகில் அவள் இருந்திருக்கிறாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்று சிரித்து, உன்னிடமிருந்து போனை வாங்கி அவளே விளக்கியிருக்கிறாள். அடுத்த புதன்கிழமைக்கு அவர் இன்னொரு தப்பைத் தயார் செய்துகொண்டார். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை என்றார். விருந்தில் நீ சிரித்துக்கொண்டு சும்மா இருந்தது அதனால்தான். பாயசப் பாத்திரத்தோடு வந்த பெண் சிரித்திருப்பாள். எல்லார் முன்னாலும் அப்பா என்று சொல்லித் திருத்தியிருப்பாள். அதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதுங்கள், அவளுக்கும் தெரியட்டும் என்றார். அம்மா அபிநயா, அதனால் எழுதினேன். உன் அப்பா அன்று மாலை உன்னை உட்காரவைத்து என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நீ பயணம் வர ஒப்புக்கொண்டாய் என்று மட்டும் தெரியும். என்னால் நின்றிருக்க வேண்டியது, அவர் பேசி நடந்தது.

தம்பி, அந்த மனிதர் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னொரு பொறாமையும் வந்தது. பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகத் தன்னை முட்டாளாக்கிக்கொள்ள அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் நாலு மாதம் படித்து அறிவாளியாகி உன் முன்னால் நிற்கப் பார்த்தேன். உனக்கு நான் சொல்கிற புத்தி இது ஒன்றுதான்: உனக்குப் பிள்ளை பிறந்து, அது வாயைத் திறக்கும்போது விரலைக் காட்டாதே. காட்டிவிட்டால் அன்றைக்கே போய்க் கேள், நாளைக்கு என்று தள்ளாதே. யார் மேலாவது பொறாமை வந்தால், நான் உன் மாமனாரிடம் சொன்ன மாதிரி, நேரே போய்ச் சொல்லிவிடு. வீட்டில் மூக்குக்கண்ணாடியைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காதே.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நீ கடைக்கு வந்தாய். அம்மா சாப்பாட்டைக் கொடுத்து உன்னை அனுப்பியிருந்தாள், வேண்டுமென்றேதான். விருந்துக்குப் பிறகு நாம் இருவரும் தனியாக நின்றது அன்றுதான். தூக்குச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு நீ திரும்பிப் போகப் பார்த்தாய். மன்னிப்பு கேட்கத்தான் வாயெடுத்தேன். கேள்விதான் வந்தது. டீச்சராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி, மாதக்கணக்கில் என்னை அரித்துக்கொண்டிருந்தது. “தம்பி, இடுப்புலருந்து கல்லு கெளம்புதுங்கிறீகளே, எது மொதல்ல கெளம்பும்? பெரிய கல்லா, பொடியா?” நீ மறுபடியும் சண்டைக்குத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பாய், முகம் இறுகியது. நான் குவியலைக் காட்டினேன். டிப்பர் கொட்டும்போது பெரிய கல் உருண்டு அடிவாரத்துக்குப் போகிறது, பொடி நடுவில் தங்குகிறது. கிரஷரில் கல்லை உடைத்து ஏற்றி, குவாரியிலிருந்து குலுங்கி வருகிற வண்டியிலோ பெரிய கல் மேலே வருகிறது, தூசி தரையில் தங்குகிறது. ஒரே லோடுதான், ஆனால் கல் தன்னைத் தானே பிரித்துக்கொள்கிறது. அப்படியென்றால் அந்தக் குட்டிக்குள் இருப்பது எது என்று கேட்டேன்.

நீ குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு, “தெரியலப்பா” என்றாய். “யாருக்கும் சரியாத் தெரியாது. ஒரு குட்டிய விண்கலம் கிட்டப் போய் போட்டோ எடுத்திருக்கு, மேல பூராம் பாறையாத்தான் கெடக்கு. உள்ள என்னன்னு தெரியாது. நாங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறப்ப முக்காவாசி நேரம் எல்லாக் கல்லையும் ஏறக்கொறைய ஒரே அளவுன்னு வச்சுக்கிருவோம்.”

“ஒரே அளவா எந்தக் கிரஷர்ல வருது?” என்றேன்.

நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்தாய். குவியலை வெட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டாய். நான் மண்வெட்டியை எடுத்து உச்சியிலிருந்து அடிவரை ஒரு பக்கத்தை இறக்கிக் காட்டினேன். உள்ளே பொடி எப்படி நிற்கிறது, ஓரத்தில் கல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று நீ குனிந்து பார்த்தாய், படம் எடுத்தாய், போனில் ஏதோ குறித்துக்கொண்டாய். சரிந்தால் மறுபடி கொட்டச் சொன்னாய். ஈரமாக இருந்தால் எப்படி, காய்ந்தால் எப்படி, உருண்டைக் கல்லுக்கும் உடைத்த கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். இருபத்தெட்டு வயது மகன் என் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்விகள். வெயில் மண்டையைப் பிளந்தது, இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டோம், தயிர் புளித்துப்போயிருந்தது. கிளம்பும்போது, போகிற இடத்தில் இதைக் கணக்கில் போட்டுப் பார்க்கப் போகிறேன், ஆனால் நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனாய். விருந்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்றிலிருந்து நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் மாமனாரிடம் உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். உனக்குத் தெரியாததை என்னிடம் சொன்னாய். இது பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் எனக்கு அது போதவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது. பெரிய கல்லா, தூசியா என்று கணக்கில் தெரிகிற அன்றைக்கு உன் மாமனாருக்கு அவசியம் சொல். சொல்லாமல் விடாதே, அவர் அதை வைத்து மகளிடம் ஒரு தப்புக் கேள்வி கேட்பார், இனி அவள் தெரிந்தே சிரிப்பாள். ஆனால் அவருக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல். ரொம்ப முந்த வேண்டாம். ஐந்து நிமிடம் போதும்.

அப்பா